'நான்தான்' என்று சொல்வது யார்?

கதவைத் தட்டுகிறோம். உள்ளிருந்து "யாரு?" "நான்தான்." பெயரில்லை, ஊரில்லை, வேலையில்லை. ஆனாலும் கதவு திறக்கிறது. ஒரு தப்பு நடந்து, யார் செய்தது என்று கேட்டாலும் இதே சொல்தான்: "நான்தான்." அடையாளம் காட்டவும் தப்பை ஏற்கவும் தமிழில் ஒரே சொல் போதுகிறது.

போன வாரம் பத்து வருடத்துக்கு முந்தைய என் பதிவு ஒன்றைப் போன் எடுத்து நீட்டியது. யாரையோ கேலி செய்து எழுதியிருக்கிறேன். எழுதியது துளியும் நினைவில்லை. இது நானா என்றுதான் முதலில் தோன்றியது.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைக் கேட்டால் தப்பித்துவிடலாம். 1694இல், மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில் புதிதாகச் சேர்த்த அத்தியாயத்தில் அவர் சொன்னது இது: ஒருவர் அவரேதான் என்பதற்கு உடம்பும் ஆதாரமில்லை, ஆன்மாவும் ஆதாரமில்லை, அவருடைய தன்னுணர்வு பின்னோக்கி எதுவரை எட்டுகிறதோ அதுவரைதான் அவர். எனக்கு நினைவில்லை, அதனால் அது நானில்லை. எவ்வளவு வசதி!

இந்த வசதியைக் கெடுத்தவர் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட் (1785). அவர் சொன்ன கதை இது: தோட்டத்தில் திருடி அடிவாங்கிய சிறுவன் வளர்ந்து, போரில் எதிரியின் கொடியைப் பறிக்கிறான், பிறகு தளபதியாகிறான். கொடியைப் பறித்தபோது, சிறுவயதில் வாங்கிய அடி நினைவிருந்தது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துபோச்சு. அப்படியென்றால் தளபதி அந்த வீரன்தான், வீரன் அந்தச் சிறுவன்தான், ஆனால் தளபதி அந்தச் சிறுவன் இல்லையாம்!

இன்னொரு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமோ 1739லேயே கையை விரித்துவிட்டார்: உள்ளே தேடினால் சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு என்று ஏதாவது அகப்படுகிறது, 'நான்' மட்டும் அகப்படுவதில்லை.

லாக்கின் அதே அத்தியாயத்தில் பலர் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. 'ஆள்' என்பது வழக்காடுமன்றச் சொல் என்கிறார். செயலையும் அதன் பலனையும் ஒருவர் பேரில் எழுதுவதற்கான சொல். எனக்கு இதுதான் பிடிபடுகிறது. இன்று 'நான் யார்' என்று கேட்டால் என்ன பிடிக்கும், எந்தப் பக்கம், என்ன கனவு என்று அடுக்குகிறோம் (என் சுயவிவரமும் அப்படித்தான்). எதற்கெல்லாம் பதில் சொல்வேன் என்று யாரும் எழுதுவதில்லை.

பதிவை அழிக்கப்போனேன். அடியில் அப்போதே ஒருவர் கேட்டிருந்தார்: "இதை நீங்கதான் எழுதினீங்களா?" பதில் போடாமலே விட்டிருக்கிறேன்.

அழிக்கவில்லை. "நான்தான். மன்னிச்சிடுங்க" என்று போட்டேன். அவர் இன்னும் பார்க்கவில்லை போல.