அந்தப் படமெல்லாம் எங்கே போகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, ஐஸ் பெட்டி ஓரமாகச் சங்கராவையும் நெத்திலியையும் கூறு போட்டு உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவைச் சுற்றி ஒன்பது கேமராக்கள். எண்ணித்தான் சொல்கிறேன். ஒருவர் குத்துக்காலிட்டிருந்தார், ஒருவர் ஐஸ் பெட்டி மேலேயே ஏறி நின்றார். மீன் வாங்க வந்த இரண்டு பேர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விட்டார்கள். ஆயாவுக்கு இன்னும் போணி ஆகவில்லை. அவர் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதையும் எடுத்தார்கள்.

அன்று மாலையே புகைப்படக்காரர்களின் குழு ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தேன். தலைப்பு: 'வெட்கம்'.

அது வெட்கம் இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அது கோபம்.

கூட்டம் கலைந்த பிறகு அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "படம் புடிக்கிறது தப்புன்னு சொல்லல தம்பி. மொத போணி ஆவறதுக்குள்ள வந்து நிக்கிறாங்களே, அதான்" என்றார். அப்புறம் கேட்டார்: "அந்தப் படமெல்லாம் எங்க போவுது?"

ஒரு வாரமாக இந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் பன்னிரண்டு வருடமாகச் சென்னைத் தெருக்களைப் படம் எடுக்கிறேன். இந்த வேலை எனக்கு உயிர். வேண்டாம் என்று யாரையும் தடுக்க இதை எழுதவில்லை. பீச் ஸ்டேஷனில் இறங்கி நடக்க ஆரம்பித்தால் மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை ஊர்கள்! பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்காக 1969ல் உருவான பர்மா பஜார். அதன் பின்பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் பிசைகிறவர்களின் கை வேகத்தைப் பிடிக்க நான் ஒரு மாதம் போயிருக்கிறேன். அங்கிருந்து மண்ணடி, பவழக்காரத் தெரு. அப்புறம் ஆர்மேனியர் தெரு. நம் ஆட்கள் வாயில் அது 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது. அங்கே இருக்கும் ஆர்மேனிய தேவாலயத்து முற்றத்தில் கல்லறைக் கற்கள் மேல் காலை வெயில் விழுவதைப் பார்க்க வேண்டும். உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 1794ல் அச்சானது இந்த மதராஸில்தான். அதை நடத்தியவரும் அந்த முற்றத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். அதே தெருவில் செவ்வாய்க்கிழமை போனால் அந்தோணியார் கோயிலுக்கு எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுவத்தியோடு வருவார்கள்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் சவுகார்பேட்டை. தங்கசாலைத் தெரு வடக்கு தெற்காகப் போகிறது. அதிலிருந்து கிழக்கே பிரியும் சந்துகளில் காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில் நேராக உள்ளே வரும். டீக்கடை ஆவி, சைக்கிள் ரிக்‌ஷா, கோயிலுக்குப் போகும் வெள்ளைப் புடவைப் பாட்டிகள் எல்லாமே அந்த நேரத்தில் ஒளியில் மிதக்கும். அதற்காகவே அங்கே கூட்டம் கூட்டமாகக் கேமரா வருகிறது. ஹோலி அன்று கேட்கவே வேண்டாம்.

ஆனால் ஒளியை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். திருவல்லிக்கேணி பெரிய மசூதியில் நோன்பு திறக்கும் நேரத்துப் படம் ஒன்று. தலையில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் வரிசையாக உட்கார்ந்தவர்களுக்கு உணவு பரிமாறுகிறார். எடுத்தவர் 'இஸ்லாமியச் சகோதரத்துவம்' என்று தலைப்புப் போட்டிருந்தார். அந்தப் பெரியவர் இந்து. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர்கள் மயிலாப்பூரில் தொடங்கிய சூஃபிதார் அமைப்பின் தொண்டர். பல பத்தாண்டுகளாக ரம்ஜான் மாதம் முழுக்க அவர்கள்தான் சமைத்து, அங்கே கொண்டுவந்து, மரியாதைக்காகத் தொப்பி போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். எடுத்தவர் பக்கத்தில் போய், "ஐயா, நீங்க எங்கேயிருந்து வர்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் படத்தின் அர்த்தமே வேறு. இந்த ஊரின் ஆகப் பெரிய அழகு ஒன்று அவர் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. கேட்காததால் அது படத்துக்குள் வரவில்லை.

சவுகார்பேட்டையிலும் இதேதான். எல்லாரையும் 'சேட்டு' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். முறுக்கு சாண்ட்விச் கடையில் என் பக்கத்தில் நின்ற ஒருவர், "நாங்க நாலு தலமொற இங்கதான் சார், எங்க தாத்தா பொறந்ததே யானக்கவுனிலதான்" என்று சுத்தமான மெட்ராஸ் பாஷையில் பேசினார். அவரை என்ன பெயரில் அடைப்பது?

எனக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் பழைய கதை ஞாபகம் வருகிறது. எட்கர் தர்ஸ்டன் அதன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் மனிதர்களைப் படம் எடுத்தார், மூக்கையும் மண்டையையும் அளந்தார், சாதி சாதியாகப் பிரித்தார். 1909ல் அது ஏழு தொகுதிகளாக வந்தது. அந்தப் படங்களில் பலவற்றில் ஆளுக்குப் பெயர் கிடையாது. சாதியின் பெயர்தான், தொழிலின் பெயர்தான். நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இப்போது கேமரா நம் கையில் இருக்கிறது. நாமும் 'வடசென்னை மீனவப் பெண்' என்றுதான் போடுகிறோம். இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் மிகைப்படுத்துகிறேன் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் புதுப்பேட்டையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு மெக்கானிக்கை எடுத்தேன். கருப்பு எண்ணெய் படிந்த கை, தலைக்கு மேல் தகரக் கூரை ஓட்டை வழியாக ஒரு கீற்று வெளிச்சம். ஒரு போட்டியில் பரிசு கிடைத்தது. விண்ணப்பத்தில் கேமராவின் பெயர், லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் கேட்டிருந்தார்கள். படத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. நான்கு மாதம் கழித்து பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "அந்த அண்ணன் ஊருக்கே போயிட்டாரு" என்றார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த பிரின்ட் இன்னும் என் பையில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எடுத்த தெருவுக்கு ஒரு மாதத்துக்குள் திரும்பிப் போவேன், கையில் பிரின்டோடு. ஸ்டுடியோவில் ஒரு சின்ன பிரின்ட் போட 15 ரூபாய்தான் ஆகிறது. அதைக் கொடுக்கும்போது நடப்பதை நான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை. பாரதி சாலை ஓரத்தில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா மாதிரியே இருக்கேன்" என்றார். அவருடைய அப்பாவுக்கு ஒரு படம்கூட இல்லையாம்.

"அனுமதி கேட்டால் இயல்பு போய்விடும்" என்பார்கள். பாதி உண்மை. நானும் எல்லா நேரமும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்கிறவரை நிறுத்திக் கேட்க முடியாது. எடுத்துவிட்டுத் திரையைக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். அப்படி நல்ல படங்கள் போயிருக்கின்றன, போகட்டும். தூங்குகிறவர்களை எடுப்பதில்லை. பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் குழந்தைகளை எடுப்பதில்லை. பொது இடத்தில் படம் எடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை என்று வாதிடுகிறார்கள். சரி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னதையும் சேர்த்துப் படிக்கலாமே.

இதே லென்ஸை எடுத்துக்கொண்டு அடையாறு, அண்ணா நகர் பக்கம் யாராவது போகிறோமா? காலையில் பூங்காவில் நடக்கிற ஓய்வுபெற்ற அதிகாரியின் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் கேமராவை நீட்டுவோமா? மாட்டோம். திட்டுவார், போலீசைக் கூப்பிடுவார் என்று தெரியும். காசிமேட்டு ஆயா முந்தானையைத்தான் இழுத்துக்கொள்வார் என்பதும் தெரியும். தெரிந்துதான் அங்கே போகிறோம்.

வேறு விதமாகவும் செய்ய முடியும். புகைப்படக் கலைஞர் பழனிக்குமார், மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவை எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். அதே கூடை, அதே தராசு. ஆனால் அந்த அம்மாவின் களைப்பு நமக்கு வேடிக்கையாகத் தெரியாது. துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டை, தங்கள் தெருவை எடுக்கிறார்கள். எனக்கு அங்கே கற்க நிறைய இருக்கிறது.

வருகிற ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் காசிமேட்டில் ஒரு கேமராவையும் பார்க்க முடியாது. ஆனால் வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்வதும் அப்போதுதான் நடக்கும். மனிதர்களுக்குப் பேச நேரம் இருப்பதும் அப்போதுதான்.

தடைக்காலத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் அங்கே இருப்பேன். போணி ஆன பிறகு ஆயாவே உட்கார்ந்து, தலையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து எடுக்கச் சொன்ன படம் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டுபோகிறேன். காசிமேட்டில் இதற்கு முன் படம் எடுத்தவர்கள் யாராவது கூட வருவதானால் கமென்டில் சொல்லுங்கள். பழைய படங்களின் பிரின்டோடு வாருங்கள். யார் யார் என்று அடையாளம் காட்ட ஏலக்கூடத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்.