வெள்ளை லேபிள் டெமோ எல்லாம் அசிட்டேட் கிடையாது

ஒருத்தர், 1960கள்ல வந்த சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களோட இசை வகை) 45-ல, அதாவது நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துற சின்ன ரெக்கார்டுல, நடுவுல ஒட்டுற லேபிள் வெள்ளையா இருந்து டெமோன்னு போட்டிருந்தா அது அசிட்டேட்னு எழுதியிருக்காரு, அதை நிறைய பேர் ஷேரும் பண்ணிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டும் வேற வேற. டெமோங்கிறது ரேடியோ ஸ்டேஷனுக்கு அனுப்ப ஃபேக்டரில ஸ்டாம்பர்ங்கிற அச்சு வச்சு அழுத்தி எடுத்த சாதாரண ரெக்கார்டுதான். அசிட்டேட்ங்கிறது அலுமினியத் தட்டு மேல லேக்கர்ங்கிற வார்னிஷ் மாதிரி பூச்சு பூசி, ஸ்டுடியோல லேத்துங்கிற மெஷின்ல பாட்டோட பள்ளத்தை ஒண்ணொண்ணா வெட்டுறது, அதனாலதான் கொஞ்ச தடவ ஓட்டினாலே சத்தம் தேய்ஞ்சு போகுது. மோட்டவுன்ங்கிற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனி 1965-ல தன்னோட ‘சோல்’ங்கிற துணை பிராண்டுக்காகப் போட்ட, ஃப்ராங்க் வில்சன் பாடின 45 ரொம்ப அபூர்வம், 2009-ல 25,000 பவுண்டுக்கு மேல போச்சு, அதுவே அழுத்தின டெமோதான், அசிட்டேட் இல்ல.

நீங்களே பாத்துக்கலாம். நல்ல வெளிச்சத்துல நடு ஓட்டையோட உள் விளிம்பையும் வெளி ஓரத்தையும் பாருங்க, அசிட்டேட்னா லேக்கருக்கு நடுவுல வெள்ளியா மெட்டல் தெரியும், கையில எடுத்தாலே வெயிட்டா இருக்கும், வளையாது. பல தட்டுல நடு ஓட்டை பக்கத்துல இன்னொரு சின்ன ஓட்டையும் இருக்கும், சில சமயம் லேபிள் அதை மூடியிருக்கும், லேசா விரல் வச்சு தடவினா பள்ளம் தெரியும். காந்தம் வச்சு பாக்காதீங்க, அலுமினியத்துல ஒட்டாது. தயவுசெஞ்சு சுரண்டியும் பாக்காதீங்க, லேக்கர் உரிஞ்சா அந்தப் பாட்டு போனது போனதுதான். ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா விக்கிறவர்கிட்ட அந்த ஓட்டையோட விளிம்பை கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டு அப்புறமா காசு குடுங்க.