ஆமை மாறலன்னு யார் சொன்னது?

ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மென்ட் ஆண்டு விழால நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அந்த வீடியோ ஃபார்வர்டுல வந்திருக்கும். ஆமா, மைக்கப் பிடிச்சிட்டு நின்ன பச்சைப் புடவை நான்தான். பின்னாடி "மேடம் உக்காருங்க உக்காருங்க"ன்னு கேக்குதே, அதுவும் எனக்குத்தான்.

வந்திருந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் பசங்களப் பாத்து, "ஆமை 20 கோடி வருஷமா மாறாம கெடக்கு, அதான் இன்னும் ஊர்ந்துட்டிருக்கு, நீங்க மாறணும்"னார். கைதட்டல் வேற. ஆமை மாறியிருக்கு சார்னு சொல்லத்தான் எழுந்தேன். "சார், ஆமை" வரைக்கும்தான் மைக் வேல செஞ்சுது. விட்ட எடத்துலேர்ந்து இங்க சொல்றேன், இங்க யாரும் ஆஃப் பண்ண முடியாதில்ல.

தென்னாப்பிரிக்காவுல 26 கோடி வருஷத்துக்கு முன்னாடி யூனோடோசாரஸ்னு ஒண்ணு இருந்துது, ஆமையோட ஆதி சொந்தம்னு பல பேர் சொல்றது. பாக்க குண்டுப் பல்லி மாதிரி, ஓடே கிடையாது, விலா எலும்பு மட்டும் பட்டை பட்டையா அகலம். அந்த அகலம் பாதுகாப்புக்கு வந்ததில்ல, மண்ணு தோண்டறப்ப ஒடம்பு ஆடாம இருக்கறதுக்குன்னு 2016ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. அப்புறம் ஜெர்மனில ஒரு பழைய ஏரிப் படிவத்துல கெடச்ச பாப்போகெலிஸ், 24 கோடி வருஷம், வயித்துல தனித்தனி எலும்புக் கம்பிங்க, அதுல சிலது ஒண்ணோட ஒண்ணு ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. சீனாவுல 22 கோடி வருஷ ஒடோன்டோகெலிஸ், 2008ல அறிவிச்சாங்க, வயித்து ஓடு முழுசு, முதுகு ஓடு அரைகுறை, வாயில பல்லு. பல்லு! இன்னிக்கு எந்த ஆமைக்காவது பல்லு பாத்திருக்கீங்களா? அதே சீனாவுல 2018ல இன்னொண்ணு சொன்னாங்க, அதுக்கு அலகு வந்துடுச்சு, ஓடு வரல. உங்க தோள்பட்டை எலும்பத் தொட்டுப் பாருங்க, விலாவுக்கு வெளியதான இருக்கு? ஆமைக்கு அது விலாக்கூட்டுக்கு உள்ள. இதுக்குப் பேரு மாறாம கெடக்கறதா?

"அந்த ஒடோன்டோகெலிஸுக்கு முதுகு ஓடு மொதல்லயே இருந்து அப்புறம் கொறஞ்சிருக்கலாமே"ன்னு ஒரு கட்சி இருக்கு, தெரியும். கொறஞ்சாலும் அது மாற்றம்தானங்க.

"சரி, ஓடு வந்ததுக்கப்புறம் அப்படியேதான இருக்கு"ன்னு கேப்பீங்க. இது கொஞ்சம் நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். ஆனா 21 கோடி வருஷ புரோகனோகெலிஸுக்கு முழு ஓடு இருந்தும் தலைய உள்ள இழுக்கத் தெரியாது, கழுத்துல முள்ளு வச்சுட்டு சமாளிச்சுது. தலைய நேரா உள்ள இழுக்கற கூட்டம், பக்கவாட்டுல மடிக்கிற கூட்டம்னு பிரிஞ்சதெல்லாம் பின்னாடிதான். அந்தப் பக்கவாட்டுக் கூட்டத்துல ஒண்ணு ஸ்டுபெண்டெமிஸ், வெனிசுலாவுல, நல்ல தண்ணி ஆமை. ஓடு மட்டும் 2.4 மீட்டர், நம்ம டபுள் காட்ல போட்டா வெளிய நீட்டிட்டிருக்கும். ஆணுக்கு ஓட்டு முன்பக்கம் கழுத்துக்கு ரெண்டு பக்கமும் கொம்பு. அதுங்கிட்ட போய் நீ மாறலன்னு சொல்லிப் பாருங்க.

இதெல்லாம் எங்கயோ வெளிநாட்டுக் கதைன்னு நெனைக்காதீங்க. எங்க ஊரு அரியலூர் பக்கம். அங்க கல்லமேட்டுல, ஆத்துப் படிவத்துல கெடச்ச பக்கவாட்டுக் கழுத்து ஆமைக்கு 2001ல கூர்மடெமிஸ்னு பேர் வச்சாங்க. கூர்மம்னா ஆமைன்னு உங்களுக்குச் சொல்லணுமா. கிட்டத்தட்ட 7 கோடி வருஷப் பழசு. அதோட நெருங்கின சொந்தம் மடகாஸ்கர்ல கெடச்சுது. நம்ம நிலம் மடகாஸ்கரோட ஒட்டிட்டிருந்து 9 கோடி வருஷம் முன்னாடி வாக்குல பிரிஞ்சுதுல்ல, அந்த ஒறவு எலும்புல தெரியுது. இன்னிக்கு இந்தியாவுல பக்கவாட்டுல கழுத்த மடிக்கிற ஆமை ஒண்ணுகூட உசுரோட இல்ல, மொத்தக் கூட்டமும் இங்க போயிடுச்சு. இத நான் சொன்னா "அரியலூரா, சிமென்ட் ஃபேக்டரி ஊராச்சே"ன்னு கேக்கறாங்க. ஆமாங்க, சிமென்ட்டும்தான். உங்க ஃப்ளாட் எதுல நிக்குதுன்னு நெனச்சீங்க.

சின்ன வயசுல எங்க வீட்டுப் பின்கட்டுச் சாக்கடையில ஒரு பாலாமை வந்துடுச்சு. "ஆமை புகுந்த வீடு உருப்படாது"ன்னு பெரியம்மா கத்த, அம்மா ஒண்ணும் பேசாம அத முறத்துல எடுத்தாங்க. திருப்பினப்ப நான் கிட்டக்கப் பாத்தேன், வெளுப்பா வயிறு, பின்னங்கால உள்ள இழுத்தவொடனே ரெண்டு பக்கமும் தோல் மடிப்பு கதவு மாதிரி வந்து மூடிக்குது, மூடின எடத்துல ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வந்துது. அம்மா ஏரிக்கரை வரைக்கும் நடந்து போய் விட்டுட்டு வந்தாங்க. நாங்க உருப்பட்டோமா இல்லையான்னு பெரியம்மா இன்னும் முடிவு சொல்லல.

"ஒரு வார்த்தைக்கு இவ்ளோவா, அவர் ஏதோ எக்ஸாம்பிளுக்குச் சொன்னாரு"ன்னு கமென்ட்ல வரப் போறவங்களுக்கு: அந்த எக்ஸாம்பிள் எனக்குத்தான் முப்பது வருஷமா சொல்றாங்க. ஸ்கூல்ல என் பேரே ஆமை. கணக்க ரெண்டு தரம் சரிபாத்துட்டுத்தான் நோட்டு குடுப்பேன், அதுக்கு வச்ச பேரு. அன்னிக்கும் நான் யாரையும் அசிங்கப்படுத்தல, குரல ஒசத்தல, கை தூக்கிக் கேட்டுட்டுத்தான் மைக்க வாங்கினேன். ரெண்டாவது வரிசையில என் பொண்ணு தல குனிஞ்சு உக்காந்திருந்தா. அவ எதுக்குத் தல குனியணும், தப்பாச் சொன்னது நானா? தப்பாச் சொன்னவருக்கு சால்வை, பழக்கூடை, குரூப் போட்டோ. ஆமை மாறியிருக்குன்னு சொன்னவளுக்கு லாஃபிங் எமோஜி 31, எண்ணிட்டேன்.

இன்னிக்குக் காலைல லிஃப்ட்ல மைக்கப் பிடுங்கின அந்த அண்ணன். "என்னம்மா, ஆமை எப்படியிருக்கு"ன்னு சிரிச்சார். நான் நாலாவது மாடி. ரெண்டுலயே எறங்கி, மீதியப் படியேறிப் போயிட்டேன்.