பட்டினி கிடந்தால் இரவுத் தீனி நிற்காது

"மனசு சரியில்லாமல் ராத்திரி நிறையத் தின்றுவிட்டால் மறுநாள் பட்டினி இருங்க, 21 நாளில் பழக்கம் போயிடும்" என்று சிலர் சொல்வது தவறு. அடுத்த பெருந்தீனிக்கு வழி திறப்பதே அந்தப் பட்டினிதான். காலியான வயிற்றோடு மாலை வீடு திரும்புகிறவரிடம் மிக்சர் பாக்கெட் தப்பாது. பெருந்தீனிக்கான சிகிச்சையில் முதல் படியே நேர்மாறு: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. முந்தின இரவு எவ்வளவு தின்றிருந்தாலும் காலை இட்லியை விடாதீங்க.

21 நாளும் கட்டுக்கதை. லண்டன் ஆய்வொன்றில் புதுப் பழக்கம் படிய நடுமதிப்பு (பாதிப் பேர் இதற்குள், மீதிப் பேர் இதற்கு மேல்) 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை.

மனசு சரியில்லாதபோது கைமீறிப் போகும் செலவும் அப்படித்தான், கடுமையான தடையால் நிற்காது. "ஒரு மாசம் எதுவும் வாங்க மாட்டேன்" சபதத்தைவிட, ஷாப்பிங் ஆப்பில் சேமித்த கார்டை நீக்கி, வங்கி ஆப்பில் ஆன்லைன் வரம்பைக் குறைத்து வையுங்கள்.