ஷன்ட் அறுவை சிகிச்சையை யாரிடம், எப்படி ஒப்படைக்கிறோம்?

மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறைகள் பலவற்றில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கட்டி, ரத்தக்குழாய்ப் புடைப்பு போன்றவை மூத்தவர்களின் கைக்குப் போகும். குழந்தையின் மூளை அறைகளில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடியவைக்கும் வி.பி. ஷன்ட் என்ற குழாயைப் பொருத்தும் வேலை மட்டும் பயிற்சி மாணவர்களில் இளையவருக்கு, பெரும்பாலும் பட்டியலின் கடைசியிலோ இரவுப் பணியிலோ ஒதுக்கப்படும். சீக்கிரம் முடிந்துவிடுகிற வேலை என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். இத்துறையின் உயர்படிப்பான எம்.சி.ஹெச். மாணவர்களுக்குக் குழந்தைகளிடம் போதிய செய்முறை அனுபவம் கிடைப்பதில்லை என்று கவலைப்படுகிறவர்கள் இந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

குழந்தைகளுக்கு வைக்கப்படும் ஷன்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று முதல் ஆண்டிலேயே செயலிழக்கிறது; இரண்டு ஆண்டுகளில் அது பாதியை நெருங்குகிறது. கிருமி தொற்றினால் குழாயை எடுத்துவிட்டு, வெளிவடிகால் வைத்து, நாள்கணக்கில் மருந்து செலுத்தி, நீர் தெளிந்த பிறகு புதிய குழாய் வைக்க வேண்டும். இதற்கிடையில் அந்தக் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு எவ்வளவு சேதம் நேரும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வட அமெரிக்காவில் குழந்தைகள் மருத்துவமனைகள் சில ஒன்றுசேர்ந்து, 11 படிகள் கொண்ட ஒரே நடைமுறையைப் பின்பற்றியபோது தொற்று விகிதம் 8.8 சதவீதத்திலிருந்து 5.7 ஆகக் குறைந்ததை 2011இல் வெளியிட்டன. தியேட்டருக்குள் ஆட்கள் வந்துபோவதைக் கட்டுப்படுத்துவது, கீறலுக்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பது, இரட்டைக் கையுறை அணிவது போன்றவையே அந்தப் படிகள். கத்தி பிடிக்கும் திறமைக்கு இவற்றில் பெரிதாக வேலையில்லை. முழுக்கவும் ஒழுங்கு சார்ந்தவை. நள்ளிரவில் தனியாக விடப்பட்ட முதலாண்டு மாணவர் இந்த ஒழுங்கைத் தானாகவே கற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது வீண்.

உடலின் அளவும் வேறு கணக்கு. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் மொத்தமே சுமார் 250 மில்லி ரத்தம்தான் இருக்கிறது. பெரியவர்களிடம் பொருட்படுத்தாமல் விடக்கூடிய 25 மில்லி இழப்பு, இங்கே பத்தில் ஒரு பங்கு. மேசையில் கிடத்தித் துணி போர்த்துவதற்குள்ளேயே உடல் குளிர்ந்துவிடும். பெரியவர்களிடம் பழகிய கையோடு வருகிற மாணவருக்கு இவற்றையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

வாய்ப்பு குறைவதற்கு நிர்வாகக் காரணங்களும் உண்டு. நம் நாட்டில் பல மருத்துவமனைகளில் ஷன்டையும், முதுகுத்தண்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையையும் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறையே செய்கிறது. அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நரம்பியல் பயிற்சி மாணவரின் கண்ணுக்கு அந்தக் குழந்தைகள் படுவதே இல்லை. அமெரிக்காவில் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைப் பயிற்சி ஏழு ஆண்டுகள். குழந்தைகளுக்கென்று தனித்தேர்ச்சி பெற மேலும் ஓராண்டு. இங்கே பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பட்டம் முடித்தவருக்கு எம்.சி.ஹெச். மூன்றே ஆண்டுகள். அதற்குள் முதுகெலும்பு, தலைக்காயம், கட்டி எல்லாம் முடித்துவிட்டுத்தான் குழந்தைகளும்.

பெற்றோரின் தரப்பிலிருந்து வரும் கேள்வி நியாயமானது: என் பிள்ளையிடமா பயிற்சி எடுக்க வேண்டும்? சிறுமூளைப் பகுதியில் வளரும் மெடுலோபிளாஸ்டோமா போன்ற கட்டிகளைப் பொறுத்தவரை இந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளை அனுபவமுள்ள மையத்துக்கு அனுப்பிவைக்க அவகாசம் இருக்கும். மாணவர் உடன் நின்று உதவினாலே போதும். அடைத்துக்கொண்ட ஷன்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. வாந்தியும் மயக்கமுமாக இரவில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வரும் குழந்தையை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினால், வழியிலேயே மூச்சு நின்றுவிடக்கூடும். அந்த மாவட்ட மருத்துவமனையில் பணியிலிருக்கும் இளம் நிபுணர், பயிற்சிக் காலத்தில் மூத்தவர் எதிரே நிற்க, தன் கையால் ஷன்டைத் திறந்து, அடைப்பு எந்த முனையில் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தவராக இருந்தாக வேண்டும்.

ஆகவே மாணவர் செய்த சிகிச்சைகளைப் பதியும் லாக்புக்கில் எண்ணிக்கையை மட்டும் நிரப்பும் முறை எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கட்டத்தை மாணவர் செய்தார், எதிரே நின்றவர் யார் என்பதோடு, அதே குழந்தையை ஆறு மாதமும் ஓராண்டும் கழித்துப் புறநோயாளிப் பிரிவில் அவரே பார்த்து, தலைச்சுற்றளவையும் வளர்ச்சியையும் பதிந்த பிறகுதான் துறைத்தலைவர் அந்தப் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும்.