காய்ச்சல் முதலில் யாருக்கு வருகிறது?

போன ஞாயிறு சிங்கப்பூர்த் தேக்காவில் டீ குடிக்கும்போது பக்கத்தில் ஒரு தம்பி. புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை. கிளாஸைப் பிடித்த கை நடுங்கியது, கண் சிவந்திருந்தது, முன்கையெல்லாம் செந்தடிப்பு.

"மூணு நாளா காய்ச்சல்ணே. பனடோல் மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போறேன். எம்சி லீவு எடுத்தா சூப்பர்வைசர் மூஞ்சியக் காட்டுவாரு, ஓவர்டைமும் போயிடும்."

கையோடு கிளினிக்குக் கூட்டிப்போனேன். டெங்கி. காய்ச்சல் அடிக்கும் நாட்களில்தான் ரத்தத்தில் கிருமி அதிகம். அப்போது கடிக்கிற ஏடிஸ் கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். மூன்று நாள் அவன் வேலையிடத்தில் நின்றிருக்கிறான்.

புதுக் கிருமி என்றால் வௌவால், விமான நிலையம் என்று பேசுகிறோம். நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 1999இல் மலேசியப் பன்றிகள் வழியாக நிப்பா வந்தது. இங்கே பாதிக்கப்பட்ட 11 பேரும் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள், ஒருவர் இறந்தார். 2003 சார்ஸில் 238 பேர்; அதில் நிறையப் பேர் தாதியரும் மருத்துவர்களும். 2008இல் சிங்கப்பூருக்குள்ளேயே பரவிய முதல் சிக்குன்குன்யா, வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் லிட்டில் இந்தியாவில், கிளைவ் ஸ்ட்ரீட்டில். கொவிட்டைச் சொல்லவே வேண்டாம்: 2020 டிசம்பரில் அரசு சொன்ன கணக்குப்படி விடுதிகளில் தங்கிய வெளிநாட்டு ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று.

2016 ஆகஸ்ட்டில், அதே ஏடிஸ் கொசு பரப்பும் ஸிக்கா இங்கே பரவியதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதை முதலில் மோப்பம் பிடித்தது பெரிய ஆய்வகம் இல்லை. சிம்ஸ் டிரைவில் ஒரு சாதாரண அக்கம்பக்கத்து கிளினிக். காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி என்று ஒரே மாதிரி ஆட்கள் வருகிறார்களே என்று அங்கிருந்த டாக்டர்கள் சுகாதார அமைச்சுக்குத் தகவல் சொன்னார்கள். முதலில் அறிவித்த 41 பேரில் 36 பேர் பக்கத்துக் கட்டுமானத் தளத்து வெளிநாட்டு ஊழியர்கள். கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் நோய் அது. அந்த ஊழியர்களும் பனடோலை விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தால், எத்தனை புளோக் தாண்டிய பிறகு நமக்குத் தெரிந்திருக்கும்?

சட்டத்தில் சம்பளத்தோடு நோய்விடுப்பு இருக்கிறது. அதைக் கேட்க ஒரு மனிதன் பயந்தால் அது காகிதத்தில் இருந்து என்ன பயன்? முதலாளிகளே, காய்ச்சல் என்று ஒருவன் சொன்னால் முகம் சுளிக்காமல் வண்டி ஏற்றி அனுப்புங்கள். அவன் உங்கள் தளத்தையும் என் வீட்டையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறான்.

இன்று காலை தம்பி போன் செய்தான். ரத்தத்தட்டு ஏறுகிறதாம்.

"எம்சி இன்னும் ரெண்டு நாள் இருக்குண்ணே. நாளைக்கே வேலைக்குப் போயிடவா?"

பேசாமல் படுடா என்றேன்.