முன்பக்கம் தமிழ், பின்பக்கம் எறும்பெழுத்து

இரவு பதினோரு மணிக்குச் சமையலறையில் நின்று, செல்போன் விளக்கை அடித்து, ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளித் தாளின் மேல் வெளிர்பச்சை எழுத்து. அதுவும் ஒட்டு மடிந்த இடத்தில். கண்ணாடி போட்டும் தெரியவில்லை. படம் எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. முதலில் இருப்பது 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு' என்பதன் ஆங்கிலம். நம் ஊரில் அதற்குப் பெயர் மைதா. இரண்டாவது பாமாயில். மூன்றாவதாக, 12 சதவீதம் என்று போட்டு, கேழ்வரகு மாவு.

அதே பாக்கெட்டைத் திருப்பினால் உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டை எழுத்தில் 'கேழ்வரகு நூடுல்ஸ்' என்று தமிழில் இருக்கிறது. பக்கத்தில் முற்றிய கதிர், ஒரு மண் கலயம். பாட்டி காலத்து ஆரோக்கியமாம். எந்தப் பாட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கேழ்வரகைப் போட்டுவிட்டு மீதிக்கு மைதாவைக் கொட்டினாள்?

மூன்று வாரமாக, வாரத்துக்கு இரண்டு நாள், கேழ்வரகு என்று சொல்லி அதைத்தான் என் பிள்ளைகளின் தட்டில் வைத்திருக்கிறேன். அந்தப் பொய் என் வாயால் வந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆடி முதல் தேதி எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். இந்த மாதம் முழுவதும் ஓட்டல் கிடையாது, வீட்டு வாசலுக்கு வரவழைப்பதும் கிடையாது, மூன்று வேளையும் வீட்டுச் சமையல்தான். ஆனி மாதத்தில் வெளிச்சாப்பாட்டுக்கு மட்டும் எட்டாயிரத்து நானூறு ரூபாய் போயிருந்தது. சின்னவனுக்கு இரண்டு முறை வயிறு கெட்டது. அத்தைக்குச் சர்க்கரை நோய். சமைப்பது எனக்குப் பாரமில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். ஒரே சாம்பாரை இழுத்துக்கொண்டிருக்காமல் புதிதாக ஏதாவது முயல வேண்டும் என்று மளிகை லிஸ்ட்டில் ஆறேழு புதுப் பொருள்களையும் சேர்த்தேன். சிறுதானிய நூடுல்ஸ், சத்துமாவு, பல தானிய ரொட்டி, வெண்ணெய் பிஸ்கட், மாம்பழச் சாறு என்று கொஞ்சம் கூடவே செலவானது. நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன்.

மாதத்தில் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் வெள்ளிக்கிழமை கூழ் காய்ச்சினோம். முதல் நாள் இரவே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றி, அத்தை பக்கத்தில் நின்று "கைவிடாமல் கிண்டும்மா, அடிபிடித்தால் ஊரெல்லாம் மணக்கும்" என்று சொல்லச் சொல்லத் துடுப்பால் துழாவினேன். தண்ணீர்க் கையால் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை, வெந்துவிட்டது என்றார். ஆறியதும் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்டு, முருங்கைக்கீரைப் பொரியலோடு குடித்தோம். பெரியவள் மூன்று டம்ளர் குடித்தாள். பதினெட்டாம் பெருக்கன்று புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்று கட்டிக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போனது. காப்பரிசியை ஆற்றில் விடச் சொன்னால் சின்னவன் பாதியை வாயில் போட்டுக்கொண்டான்.

அன்றைக்குப் புளிக்காய்ச்சலுக்குப் பெருங்காயம் எடுக்கும்போதுதான் முதன்முதலாக ஒரு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். மாவும் கருவேலம் பிசின் வகையும் சேர்ந்தது என்று இருந்தது. பெயரிலேயே 'கூட்டுப் பெருங்காயம்' என்று போட்டிருக்கிறார்கள். சுத்தப் பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வரும் பிசின். அதன் காரம் நேரடியாகத் தாங்காது, அதனால் மாவும் பிசினும் கலந்து கட்டியாக்குவது பழைய வழக்கம். அதில் எனக்குக் குறையே இல்லை. கூட்டு என்று சொல்லித்தானே விற்கிறார்கள். ரேஷன் கடையில் லிட்டர் இருபத்தைந்து ரூபாய்க்குப் பாமாயில் தருகிறார்கள். அதைப் பாமாயில் என்று சொல்லித்தான் தருகிறார்கள். வாங்குகிறவர் தெரிந்து வாங்குகிறார், தெரிந்து வடை சுடுகிறார். ஏழை வாங்கும் பாமாயிலுக்கு இருக்கும் இந்த நேர்மை, நூற்றிருபது ரூபாய் கொடுத்து வாங்கும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு ஏன் இல்லை? முன்பக்கத்தில் உருகி வழியும் வெண்ணெய்க் கட்டி. பின்பக்கத்தில் மைதா, சர்க்கரை, பாமாயில். எல்லாம் முடிந்து கடைசி வரிக்கு முந்தைய வரியில் வெண்ணெய், 2 சதவீதம்.

பல தானிய ரொட்டியின் அந்தப் பழுப்பு நிறம் தானியத்தால் மட்டும் வந்தது என்று நம்பியிருந்தேன். பின்னால் 150 என்று ஓர் எண் இருந்தது. தேடிப் பார்த்தால் அது கேரமல் நிறம். மைதா ரொட்டிக்குச் சாயம் பூசி, மேலே நாலு எள்ளைத் தூவியிருக்கிறார்கள்.

சத்துமாவு விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

என் அம்மா வீட்டில் சத்துமாவு என்றால் மாடியில் பாய் விரித்துக் காயவைப்பது. கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய், எல்லாம் தனித்தனியாக வறுத்து மில்லில் கொடுத்து அரைப்பது. இந்த முறை நேரம் இல்லாமல் கடையில் வாங்கினேன். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று முன்பக்கத்தில் தங்க நிற முத்திரை. அத்தைக்காகவே வாங்கினேன். தினமும் காலையில் ஒரு டம்ளர், பதினைந்து நாள் என் கையால் காய்ச்சிக் கொடுத்தேன். மாதாந்திரப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 132-லிருந்து 171. சாப்பாட்டில் வேறு எதுவும் மாற்றவில்லை. என்ன புதிதாகச் சேர்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். டப்பாவைப் படம் எடுத்துக் காட்டினேன். அவர் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி. கணக்குப்படி அது 'சர்க்கரை' இல்லை. ஆனால் உடம்புக்குள் போனதும் குளுக்கோஸைப் போலவே விறுவிறுவென்று இரத்தச் சர்க்கரையை ஏற்றும். இதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. முதலில் இதை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னார்.

சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அந்த வரியைச் சட்டம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அதைப் படித்து வாங்கப்போகிறவள் எப்படிப் புரிந்துகொள்வாள் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். அது பொய்யைவிட மோசம்.

படித்துப் பார்த்து வாங்க வேண்டியதுதானே என்று உறவினர் ஒருவர் கேட்டார். எங்கே படிப்பது? மாலை ஏழு மணிக்குக் கடையில் கூட்டம், ஒரு கையில் பை, மறு கையில் சின்னவன், பின்னால் வண்டி தள்ளிக்கொண்டு மூன்று பேர். இருபது பொருள், இருபது பின்பக்கம், ஒவ்வொன்றிலும் எண்களும் வேதிப் பெயர்களும். நான் பட்டப்படிப்பு படித்தவள், ஆங்கிலம் வாசிப்பேன், எனக்கே போனில் பெரிதாக்கித்தான் தெரிந்தது. அத்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தினமும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிப்பவர். பஞ்சாங்கம் பார்ப்பவர். தமிழில் எழுதிய எதையும் படித்துவிடுவார். ஆனால் தன் வயிற்றுக்குள் போவது என்ன என்று மட்டும் அவரால் படிக்க முடியாது, ஏனென்றால் அது தமிழில் இல்லை.

அது தமிழில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை! நானே விதியைத் தேடிப் படித்தேன். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைப்படி, எடையில் எது அதிகமோ அதை முதலில் போட்டு வரிசையாக எழுத வேண்டும். ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ தூக்கிக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்றும் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். அதனால்தான் அந்த 12-உம் 2-உம் எங்காவது ஒரு மூலையில் இருக்கின்றன. ஆனால் எந்த மொழியில்? ஆங்கிலம் அல்லது இந்தி. வேறு மொழியில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளத் தடையில்லை, அவ்வளவுதான். ஆசை காட்டுவதற்குத் தமிழ் தெரிகிறது. கேழ்வரகு, வரகு, குதிரைவாலி, பாட்டி, மண்மணம் என்று அத்தனை சொல்லும் பிழையில்லாமல் அச்சாகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் இடம் வந்ததும் தமிழ் மறந்துவிடுகிறது.

இந்தியா கேட்டுத்தான் ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நான் அதை முழு மனதோடு வரவேற்றவள். மழையை நம்பி மேட்டு நிலத்தில் கம்பும் சாமையும் விதைத்தவர்களுக்கு நாலு காசு வரும் என்று நினைத்தேன். அந்த மதிப்பு யார் பைக்குப் போகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு பங்கு கேழ்வரகுக்குக் காசு, நூறு பங்குக்குப் பெயர். மைதா நூடுல்ஸைவிட இரண்டு மடங்கு விலை.

பழச்சாறுக் கதையும் இதேதான். நீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து மறுபடி சாறாக்கி '100 சதவீதப் பழச்சாறு' என்று விற்றதை நிறுத்தச் சொல்லி 2024 ஜூனில் ஆணையமே உத்தரவு போட வேண்டியிருந்தது. முன்பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்க வேண்டும் என்ற பேச்சும் புதிதல்ல. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் அளவை மீறினால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம் போட்டாக வேண்டும். எழுத்து வாசிக்காத குழந்தைக்குக்கூட அந்தக் கறுப்பு தெரியும். இங்கே 2022 செப்டம்பரில் ஒரு வரைவு வந்தது. அதுவும் எச்சரிக்கை இல்லை, நட்சத்திர மதிப்பீடு. மைதா நூடுல்ஸுக்கும் நட்சத்திரம் கொடுப்பார்கள், நாம் நட்சத்திரத்தை எண்ணி வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதிக்கும் அளவுக்குத்தான் அந்த வேலை நகர்ந்திருந்தது. மூன்று மாதத்தில் என் வீட்டில் மூன்று மாத மளிகை தீர்ந்துவிடும் ஐயா. பிள்ளைகள் காத்திருந்து சாப்பிடுவதில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "கம்பெனி அனுப்புவதை அடுக்குகிறோம் அக்கா, எங்களுக்கு என்ன தெரியும்" என்று அந்தத் தம்பி சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. பாக்கெட்டில் இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தேன். இந்திக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து. தமிழுக்கு எண்ணே இல்லை. இரண்டை அழுத்திப் பதினேழு நிமிடம் காத்திருந்தேன். எல்லா விதிகளையும் பின்பற்றியே தயாரிக்கிறோம் என்றார்கள். அந்த விதிதானே எனக்கும் பிரச்சினை!

ஆடி முடியும் வாரத்தில் உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். வெளியே ஒரு மகளிர் குழுவினர் கொல்லிமலைச் சாமையும் இட்லிப் பொடியும் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் பை, மெழுகுவர்த்தியில் ஒட்டிய வாய், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. நீல பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது: 'சாமை 2 பங்கு, உளுந்து 1 பங்கு, மிளகாய், பெருங்காயம், கல்லுப்பு. வறுத்த தேதி 25.' எழுத்து கொஞ்சம் கோணல். அத்தை வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "வெள்ளைப்பூண்டு போடவில்லையாம், பரவாயில்லை" என்றார். மூன்று பை வாங்கினோம். அச்சு இயந்திரம் இல்லாத அந்தப் பெண்களால் முடிந்தது, ஒரு நாளில் லட்சம் பாக்கெட் அச்சடிப்பவர்களால் முடியாதா? கேழ்வரகு என்று எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, அதே அளவில், அதே இடத்தில், 12 சதவீதம் என்று போடுங்கள். மைதாவை மைதா என்று தமிழில் எழுதுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். விற்காதீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

நேற்று ஆவணி மளிகைக்கு லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். அத்தை அலமாரியிலிருந்து மீதி இருந்த வெண்ணெய் பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இதில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தமிழில் சொல்லும்மா" என்றார். முன்னெப்போதும் கேட்டதில்லை. மைதா, சர்க்கரை, பாமாயில் வரை சொன்னேன். அடுத்ததாக இன்வெர்ட் சிரப் என்று இருந்தது. "அது என்ன?" என்றார். "அதுவும் சர்க்கரைதான் அத்தை" என்றேன். "அப்படியானால் ஏன் அதற்கு வேறு பெயர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.